போணி

அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துப் பழைய வேட்டிக் கிழிசலால் கட்டிக்கொண்டிருந்தாள் தனம். முடிச்சு விழவே மாட்டேன் என்றது. அப்போதுதான் வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

யாருக்கும் இன்னும் சொல்லி அனுப்பவில்லை. சங்கு ஊதவில்லை. மாலை வாங்கக்கூட ஆள் போகவில்லை. அப்பாவின் நெற்றியில் இருந்த சூடுகூட முழுசாக இறங்கவில்லை. விடிகாலையில் பால் வாங்கப் போன அம்மா செல்லியம்மாள் எங்கே போய்த் தொலைந்தாளோ, எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தாள். கடைசி வாய்க்கு ஒரு சொட்டுப் பால் ஊற்றக் கொடுத்து வைக்கவில்லையே என்று பால் பாக்கெட்டைப் பிடித்தபடி சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். அதற்குள் வாசலில் யார்?

தனம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வெள்ளை வேன். பக்கவாட்டில் நீல எழுத்தில் 'அமரர் ஊர்தி'. அதன் கீழே கம்பெனியின் பெயர். பெயருக்குக் கீழே 'ஊர் நலமே நம் நலம்'.

"அடப்பாவிங்களா, மோப்பம் புடிச்சிக்கினு வந்துட்டாங்களே!" என்றாள்.

அந்த வண்டியின் கதை பெருங்களத்தூர் முழுக்கத் தெரியும். ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற ஸ்பிரிங் கம்பெனி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஸ்பிரிங் பட்டை அடிக்கிற கம்பெனி, வெள்ளிவிழா கொண்டாடியபோது ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று மேடையில் அறிவித்தது. பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டியது. பஸ் ஸ்டாப்பில் நிழற்குடை போட்டது. இரண்டையும் ஊர் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டது. மூன்றாவதாக இந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும்தான் ஊருக்குச் சந்தேகம் வந்தது. சும்மா வருமா சந்தேகம்? சுடுகாட்டுக்குப் போகிற வழி ரயில்வே கேட்டைத் தாண்டி, கம்பெனி வாசலை ஒட்டித்தான் போகிறது. பெரிய சாவு என்றால் மோளமும் வெடியும் ஆட்டமுமாக ஊர்வலம் அந்த இடத்தைக் கடப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதுவரை உள்ளே போகிற லாரி வெளியே நிற்கும், வெளியே வருகிற லாரி உள்ளே நிற்கும். "நம்ம கஷ்டத்துக்கா குடுத்தான்? அவன் லாரி கஷ்டத்துக்குல்ல குடுத்தான்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

அதோடு போணிப் பயம் வேறு. கடை திறந்தவனுக்கு முதல் வியாபாரம் போணி. இந்த வண்டிக்கு யார் வீட்டுப் பிணம் போணி? கொஞ்சம் இருமுகிற கிழவன் யாராவது தெருவில் போனால் போதும், "இன்னா தாத்தா, போணி ஆயிடுமா?" என்று விடலைப் பையன்கள் கேட்பார்கள். கிழவன் அவர்கள் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டிவிட்டுப் போவான். வண்டி வந்த பிறகும் ஊரில் சாவு விழத்தான் விழுந்தது. எல்லாப் பிணமும் தோளில்தான் போயிற்று. வண்டி கம்பெனியின் பக்கவாட்டில் புளியமரத்தடியில் சருகு விழுந்து நின்றது.

இப்போது அது வந்து துளசிங்கத்தின் வாசலில் நிற்கிறது.

"ஏன்யா, நீ சொன்னியா?" தாடையைக் கட்டத் துணி தேடிக்கொண்டிருந்த புருஷன் ரவியைத்தான் முதலில் பிடித்தாள். ரவி அந்தக் கம்பெனியில் வேலை கேட்டு வைத்திருக்கிறான். மாமனார் செத்த சாக்கில் நல்ல பேர் வாங்கிவிடலாம் என்று ஓடியிருப்பானோ?

"நான் எங்கடி போனேன்? நீ கத்தினப்பதான் எனக்கே தெரியும்."

அது உண்மைதான். ராத்திரி முழுக்க இருவரும் அப்பாவின் பக்கத்தில்தான் கிடந்தார்கள். ஆனாலும் தனத்துக்கு மனசு ஆறவில்லை. அப்படியென்றால் யார்?

வேனுக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் வெல்ஃபேர் ஆபீசர் ஜீவரத்தினம். பின்சீட்டில் கேமரா தொங்கவிட்ட ஒருத்தன். ஆபீசர் கையில் பெரிய ரோஜா மாலை. இந்த வேளைக்கு எந்தப் பூக்கடை திறந்திருக்கும், நேற்றே கட்டி வாங்கி வைத்திருந்தார்களா என்று தனத்தின் புத்தி அங்கேயும் ஓடியது.

"ரொம்ப வருத்தம்மா. துளசிங்கம் மாதிரி சின்சியர் வொர்க்கர் இனிமே கிடைக்க மாட்டாங்க. எம்.டி. சாரே ரொம்ப ஃபீல் பண்ணார்."

"எம்.டி.க்கு எப்ப சார் தெரியும்?"

ஜீவரத்தினம் மாலையைக் கை மாற்றிக்கொண்டார். "இல்லம்மா, தெரிஞ்சா ஃபீல் பண்ணுவார்னு சொல்றேன்."

"உங்களுக்கு யாரு சார் சொன்னது?"

"கம்பெனி கேட்டுக்கு போன் வந்ததும்மா. செக்யூரிட்டி எடுத்திருக்கார். யார்னு கேக்கலை போல." மாலையைச் சாத்திவிட்டு, கைகூப்பிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார். "கம்பெனி வேற, ஊர் வேறன்னு நாங்க நினைக்கிறதே இல்லம்மா. ஊர் நல்லா இருந்தாத்தான் கம்பெனி நல்லா இருக்கும். அதான் நம்ம பாலிசி."

"ஊரு நல்லா இருந்தா இந்த வண்டி எதுக்கு சார்?"

கேமராக்காரன் சிரிப்பை அடக்க இருமினான். ஜீவரத்தினம் கெட்ட மனுஷர் இல்லை, பாவம். மாசக்கணக்கில் சும்மா நிற்கிற வண்டியைப் பற்றி மேலே பதில் சொல்லவேண்டியவர். ஒரே ஒரு போட்டோ, கம்பெனி மேகஸினுக்கு, என்று கேட்டார். வண்டி வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிட வேண்டும், டிரைவரை வேறு டியூட்டிக்கு எடுத்துக்கொள்வார்கள், போன வண்டி திரும்பி வராது என்றும் சொன்னார்.

தனத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அப்பா தோளில் போகவேண்டும். இந்தத் தெருக்காரர்கள் தோளில்.

அது அவ்வளவு சுலபமா? துளசிங்கம் அந்தக் கம்பெனியில் உலை ஆள். எண்பத்தாறில் ஸ்டிரைக் வந்தது. மொத்தப் பேரும் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தபோது அவர் மட்டும் பின்கேட் வழியாக உள்ளே போனார். கேட்டதற்கு, உலை ஆறிப்போனால் உள்ளே கட்டியிருக்கிற கல்லெல்லாம் வெடித்துவிடும், அப்புறம் ஸ்டிரைக்கில் ஜெயித்து எங்கே போய் வேலை செய்வீர்கள் என்றார். உலை ஆறவில்லை. ஸ்டிரைக்தான் ஆறிப்போயிற்று. முன்னால் நின்ற பொன்னுரங்கத்தையும் இன்னும் சில பேரையும் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. துளசிங்கத்துக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. அந்தக் கடிகாரத்தை வாங்காமலாவது இருந்திருக்கலாம் மனுஷன். தெரு அன்றைக்கே அவருக்குக் 'கருங்காலி' என்று பேர் வைத்தது. பங்காளிகள்கூட வாசல் மிதிப்பதை நிறுத்தினார்கள். தனத்தின் கல்யாணத்தில் வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தன. குரோம்பேட்டைக்குப் புருஷன் வீட்டுக்குக் கிளம்புகிற அன்று, "நெசமாவே உலைக்காகத்தான் போனியாப்பா?" என்று கேட்டாள். அவர் அவள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு முன்னால் நடந்தார். பெற்ற மகளே சந்தேகப்பட்டாள் என்பதை அவர் எங்கே வைத்துக்கொண்டாரோ. அந்தக் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ள இத்தனை வருஷமாக ஒரு வேளை வாய்க்கவில்லை. இனிமேல் வாய்க்கவும் போவதில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு பொன்னுரங்கத்தைப் பார்க்கப் போனாள்.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு சைக்கிள் கடை. அப்பாவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர், மச்சான் மச்சான் என்று ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர். கடையைப் பாதிதான் திறந்து வைத்திருந்தார். உள்ளே தெருக்காரர்கள் நாலைந்து பேர். அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பொன்னுரங்கம் இரும்புச் சட்டியில் தண்ணீர் வைத்துப் பஞ்சர் ட்யூபை அழுத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, அப்பா போயிட்டாரு."

"கேள்விப்பட்டேன்." தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தோளு குடுக்க ஆள் வேணும் மாமா. நீ வந்து நின்னா தெருவே வரும்."

"வாசல்ல கம்பெனி வண்டி நிக்குதாமே."

"நாங்க கூப்புடல."

"கூப்புடாமயா வரும்? வெயில்ல பந்தலப் போட்டுக்கினு மாசக்கணக்கா கூப்புட்டோம், அந்தக் கம்பெனி எங்களாண்ட ஒரு நாளு வரல. உங்கப்பனுக்கு மட்டும் கூப்புடாமலே வூட்டு வாசலுக்கு வருதா?"

தனத்துக்குச் சுருக்கென்றது. அதே சந்தேகம்தானே அவளுக்கும். "அனுப்பிட்டா வருவியா?"

ட்யூபில் எங்கிருந்தோ குமிழி வந்தது. அந்த இடத்தை விரலால் பொத்திக்கொண்டார். "மொதல்ல அனுப்பு. அப்பால பாக்கலாம்."

பாக்கலாம். வருகிறேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை. கடன் கேட்டவனுக்கும் பெண் கேட்டவனுக்கும் சொல்கிற அதே பாக்கலாம். இதை நம்பி வண்டியை அனுப்பிவிட்டு, தோளும் வராமல் போனால்? வண்டியும் போய், ஆளும் வராமல், ரவி ஒருத்தனும் நாலு மோளக்காரர்களுமாக அப்பாவைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போகிற காட்சி கண்முன் வந்தது. வண்டியை வைத்துக்கொண்டாலோ, கம்பெனிக்காரன், கடைசி வரைக்கும் கம்பெனிக்காரன் என்று ஆகிவிடும். செத்தும் கருங்காலி.

திரும்பி வரும்போது தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு வாசனை இல்லை. பிணம் எடுக்கும்வரை தெருவில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது இங்கே வழக்கம். ஒரு வீட்டுக்குள் குழந்தை இட்லி கேட்டு அழுதது, "துளசிங்கம் தாத்தாவ எடுத்தப்புறம்தான்" என்று தாய்க்காரி அதட்டினாள். வாசலை மிதிக்க மாட்டார்களாம், ஆனால் பட்டினி கிடப்பார்களாம். இது என்ன நியாயமோ என்று தனத்துக்கு எரிச்சலாக வந்தது.

வண்டி டிரைவர் எலியேசர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மீன் வடிவத்தில் ஒரு பித்தளை வளையம், அதில் வண்டிச் சாவி. அதை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே துடைத்தான்.

"நீ வண்டிய எடுத்துக்கினு கெளம்பு," என்றாள். "இத்தினி மாசமா நின்ன வண்டி, ஸ்டார்ட்டாவது ஆவுமா?"

"இன்னாக்கா அப்டி கேட்டுட்ட? டெய்லி காலைல ஸ்டார்ட் பண்ணிப் பாத்துக்கினுதான் கீறேன். சாவியத் திருப்புனா ஒரே மூச்சுல புடிச்சிக்கும்." துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். போகிற மாதிரி தெரியவில்லை. "அக்கா, உங்கப்பா வந்தாருக்கா."

"எங்க?"

"வண்டியாண்ட. புளியமரத்தடிக்கு. ஆஸ்பத்திரில சேத்து வூட்டுக்கு அனுப்புனாங்களே, அதுக்கு முன்னாடி. பின்னாடி கதவத் தொறடான்னாரு. தொறந்தேன். செருப்பக் கழட்டிக் கீழ வெச்சிட்டு, ஏறிப் படுத்துக்கினாரு. எனக்குக் கை காலு ஒதறுது. 'பெரியவரே, யாரனா பாத்தா என் பொயப்பு போயிடும், எயுந்துருங்க'ன்றேன். அவரு கண்ண மூடிக்கினு, 'குலுக்குமாடா எலியேசரு?'ன்றாரு. ரோடு நல்லா இருந்தா குலுக்காது பெரியவரேன்னேன். 'நம்ம ஊரு ரோடு எனக்குத் தெரியாதா'ன்னு படுத்துக்கினே சிரிக்கிறாரு."

தனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவேதான். சிரிப்போடு சிரிப்பாக அழுகையும் வந்தது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பாலதாங்கா சொன்னாரு. 'நான் போனா என் பொண்ணு தோளு கேட்டுக்கினு பொன்னுரங்கத்தாண்ட போவா. அவன் இல்லன்னுடுவான். அவன் இல்லன்னு சொல்றத என் பொண்ணு கேக்கக் கூடாது. அத்தச் சொன்னோமேன்னு அப்பால அவனும் தூங்காத கெடக்கக் கூடாது. கேக்காத வுட்டா யாரும் இல்லன்னு சொல்ல வேணாமில்ல? நீ வந்து கம்முனு தூக்கிக்கினு போயிடு. உனக்கும் போணி ஆன மாரி இருக்கும்'ன்னாரு."

தனம் அப்படியே வேனின் படியில் உட்கார்ந்துவிட்டாள். அய்யோ அப்பா, நான் கேட்டுவிட்டேனே, காலையிலேயே போய்க் கேட்டுவிட்டு வந்து நிற்கிறேனே.

"அப்ப போன் போட்டது யாரு?"

எலியேசர் வீட்டுக்குள் பார்த்தான்.

உள்ளே போய் அம்மாவின் முன்னால் உட்கார்ந்தாள். "நீயாம்மா?"

செல்லியம்மாள் தலையை ஆட்டினாள். "மூச்சு மேல ஏறும்போதே போன் போட்டுடணும், ஒனக்குத் தெரிய வாணாம்னு சத்தியம் வாங்கிக்கினாரு. பால் வாங்கப் போற மாரி போயி போன் பூத் தொறக்குற வரிக்கும் நின்னுக்கினு இருந்தேன். போன் போட்டுட்டு வரேன், அவரு போயிட்டாரு." பால் பாக்கெட் அவள் மடியில் வெதுவெதுப்பாகக் கிடந்தது. "அந்த நேரத்துக்கு வூட்ல இருந்திருந்தா ஒரு வாய் ஊத்தியிருப்பேன்டி."

அம்மாவையுமா சந்தேகப்பட்டோம் என்று தனத்துக்குக் கூசியது. பாக்கெட்டின் முனையைக் கிழித்து, அம்மாவின் விரலைப் பாலில் நனைத்து, அந்த விரலைப் பிடித்து அப்பாவின் உதட்டில் வைத்தாள். பால் கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டாள்.

"வண்டி இருக்கட்டும்," என்று வெளியே வந்து ஜீவரத்தினத்திடம் சொன்னாள். "போட்டோ மட்டும் வாணாம் சார்."

"ஜஸ்ட் ஒண்ணும்மா, வண்டி மட்டும்..."

"வாணாம் சார்."

மத்தியானத்துக்கு மேல் எடுத்தார்கள். ரவியின் வீட்டார் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களும் எலியேசரும் மோளக்காரர்களும் சேர்ந்து அப்பாவைத் தூக்கி வண்டிக்குள் வைத்தார்கள். ஜீவரத்தினம்கூட ஷூவைக் கழற்றிவிட்டு ஒரு கை பிடித்தார். தெருவில் வாசலுக்கு வாசல் ஆள் நின்றது, கையைக் கட்டிக்கொண்டு. மூலைக் கம்பத்தடியில் பொன்னுரங்கம், சைக்கிள் கடையில் இருந்தவர்களோடு. தனம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கேட்க வேண்டாம் என்று அப்பா சொல்லியாயிற்று.

கொள்ளிச் சட்டியோடு ரவி முன்னால் நின்றான். இந்தத் தெருவில் பெண்கள் ரயில்வே கேட் வரைக்கும் போகலாம், அதற்கு மேல் கூடாது. அம்மாவால் நடக்க முடியாது. அப்பா யாருமில்லாமல் போகக் கூடாது என்று தனம் வண்டியில் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

எலியேசர் ஏறினான். ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து என்னவோ செய்தான். சத்தமே இல்லை. மறுபடியும் குனிந்தான். இறங்கிப் போய் முன்பக்கத்தைத் திறந்து பார்த்தான், மூடினான். "ஸ்டார்ட் ஆவல சார்."

"என்னய்யா, காலைல நல்லாத்தானே வந்தது?" ஜீவரத்தினத்துக்கு வேர்த்துவிட்டது.

"காலைல வந்துச்சு சார். இப்ப பேஜார் பண்ணுது. பேட்டரி டவுனு."

தனத்துக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரே மூச்சில் பிடிக்கும் என்றானே பாவி! ஊர் பார்த்துச் சிரிக்க நடுத்தெருவில் அப்பாவைப் போட்டு வைப்பதற்குத்தான் இத்தனையுமா? மெக்கானிக்கைக் கூட்டி வருகிறேன் என்று ஜீவரத்தினம் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு பறந்தார். மோளம் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு ஓய்ந்தது. வெயில் தகரத்தில் இறங்கியது. ரவி கையில் சட்டி புகைந்தது.

எதிர் வீட்டுக் குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தது. "எத்தினி நேரம்யா? பசங்க காலைலேந்து பட்டினி," என்று அதன் தாய் பொதுவாகக் கத்தினாள்.

எலியேசர் ஜன்னலில் தலையை நீட்டினான். "கொஞ்சம் தள்ளிவுட்டா பிக்கப் ஆயிடும்." அதையும் அவன் பொதுவாகத்தான் சொன்னான்.

யாரும் அசையவில்லை. அப்புறம் கம்பத்தடியிலிருந்து பொன்னுரங்கம் நடந்து வருவது கண்ணாடியில் தெரிந்தது. "பசங்க பசியா கீதுங்க. எடுக்கணுமில்ல?" யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அவர் பின்னால் இன்னொருத்தர். அப்புறம் எதிர் வீட்டுக்காரர். கேமராக்காரன் குனிந்து கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனான்.

"தோ, அத்த உள்ள வெச்சிட்டு வந்து கைய வையி," என்றார் பொன்னுரங்கம். அவன் கேமராவை வண்டிக்குள் வைத்துவிட்டு வந்து கை வைத்தான்.

வண்டி நகர்ந்தது. மோளம் மறுபடி பிடித்துக்கொண்டது. ரவி முன்னால் நடக்க, வண்டி சத்தமில்லாமல் பின்னாலேயே உருண்டது. தெரு முனை வந்தது, திரும்பியது. இந்நேரத்துக்குப் பிடித்திருக்க வேண்டாமா? தனம் தலையைத் திருப்பினாள். ஸ்டீயரிங்குக்குக் கீழே சாவி போடுகிற துளை காலியாக இருந்தது. எலியேசரின் சட்டைப் பைக்குள்ளிருந்து பித்தளை மீனின் வால் மட்டும் வெளியே தெரிந்தது.

அவள் வாயைத் திறந்தாள். காலையிலிருந்து ஒருத்தரையும் விடாமல் கேட்டவள், இவனையும் கேட்டிருப்பாள். எலியேசர் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை, கன்னத்தில் வேர்வையா என்னவோ வழிந்துகொண்டிருந்தது. தனம் வாயை மூடிக்கொண்டாள். பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். ஆள் கூடியிருந்தது. பின்னால் கை வைக்க இடமில்லாமல் பக்கவாட்டிலும் பிடித்திருந்தார்கள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது. தாம்பரம் போகிற ரயில் வருகிற சத்தம். தனம் இறங்கிப் பின்னால் வந்தாள். பொன்னுரங்கம் கதவில் தோளை முட்டுக்கொடுத்தபடியே நின்றார். கதவில் படிந்த புளியந்தூசு முழுக்க அவர் வெள்ளைச் சட்டையில் ஏறியிருந்தது. ரயில் கடக்கிற வரைக்கும் ஒருத்தரும் கையை எடுக்கவில்லை.

கேட் ஏறியது. எலியேசர் தலையை நீட்டினான். "இன்னும் புடிக்கலண்ணா. இன்னும் கொஞ்சம் தள்ளுனா..."

பொன்னுரங்கம் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். எத்தனை வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை மாட்டியவர், அவருக்குத் தெரியாததா?

"அது புடிக்காது. நீ ஸ்டீயரிங்கப் புடி," என்றார். "கம்பெனி வாசலாண்ட மெதுவாவே போலாம்."

தோளை மாற்றிக்கொண்டார். தண்டவாளத்தில் சக்கரம் ஏறவில்லை. எல்லோரும் ஒரு குரல் கொடுத்து ஒரு எக்கு எக்கினார்கள், வண்டியின் பின்பக்கம் தரையைவிட்டு எழுந்து அந்தப் பக்கம் போய் இறங்கியது.

தனம் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். மோளச் சத்தம் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குத் திரும்புகிற வரைக்கும் நின்றுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். தெருவின் முதல் வீட்டில் யாரோ கடுகு தாளித்துக்கொண்டிருந்தார்கள்.